முத்துக்குளிப்பவர்களும் சுறாமீன்களும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவர்கள், சுறாமீன்கள் திரியும் கடலில் மூச்சடக்கி மூழ்கிப் பல நூற்றாண்டுகள் தொழில் செய்து வந்தனர். அவர்களுக்குக் காவலாகக் கருதப்பட்டவர் 'கடல்கட்டி'. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று இவர் நம்பப்பட்டார்.

முத்துக்குளிக்கும் முறை

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகள் 'பார்' எனப்படும். குளிப்பவர், கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து அடித்தளத்துக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கி, சிப்பிகளை வலைப்பையில் சேர்ப்பார். அவர் கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். அந்த ஒரு நிமிடத்தில் சுறா வந்தால் தப்ப வழி குறைவு. தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு கடைசியாக 1955 முதல் 1961 வரை நடைபெற்றது.

கடல்கட்டி

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோரைப் பற்றி எழுதியுள்ளார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கும் சேர்ந்தது. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை வேறில்லை.

இலங்கையில் ஆங்கிலேய அரசின் உயர் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் நூலில் கடல்கட்டியைப் பற்றிக் கூறுகிறார். இது பரம்பரைத் தொழில்; அக்காலத்தில் அக்குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். அவர் நோயுற்றிருந்ததால் பதிலாள் ஒருவர் வந்தார். தமக்கு மந்திரம் தெரியாது என்றும், தாம் வந்திருப்பதே சுறாக்களுக்குப் போதும் என்றும் அந்தப் பதிலாள் சொன்னாராம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அதுவரை நடந்த முத்துக்குளிப்புகளில் உறுதி செய்யப்பட்ட சுறா விபத்து ஒன்றே ஒன்றுதான் என்றும் டெனன்ட் குறிப்பிடுகிறார். ஏராளமான படகுகள், ஆட்களின் கூச்சல், ஓயாமல் விழும் கற்கள் ஆகியவற்றால் சுறாக்கள் மிரண்டு விலகியிருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆயினும் கடல்கட்டியின் பணி வீண் என்று சொல்லிவிட முடியாது. அவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்கத் தயங்கினர். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மனிதரின் அச்சத்தைக் கட்டியது.

பெரும் வெள்ளைச் சுறா

திரைப்படங்களால் பெயர் பெற்ற பெரும் வெள்ளைச் சுறா, சுமார் 6 மீட்டர் வரை வளரக்கூடியது. தென்னாப்பிரிக்கா, தெற்கு ஆஸ்திரேலியா, கலிபோர்னியா போன்ற குளிர்ந்த கடல்களில் மிகுதி. நம் வெப்பக்கடலில் அரிது. அங்கெல்லாம் அலைச்சறுக்குப் பலகையில் படுத்திருப்பவரைக் கீழிருந்து பார்க்கும் சுறா, தன் இரையான கடல்நாய் என்று கருதிக் கடிக்கிறது என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். பல நிகழ்வுகளில் அது ஒருமுறை கடித்துவிட்டு விலகிப் போகிறது. எனினும் அந்த ஒரு கடியின் குருதி இழப்பே உயிரைப் பறிக்கக்கூடும்.

பாதுகாப்பு

கோவளம், மாமல்லபுரம் கடற்கரைகளில் இன்று இளைஞர்கள் அலைச்சறுக்குப் பழகுகின்றனர். கடலில் இறங்குவோர் பின்வருவனவற்றை நினைவில் கொள்ள வேண்டும்:

- தனியே செல்லக் கூடாது.
- விடியற்காலை, அந்தி, இரவு வேளைகளைத் தவிர்க்க வேண்டும்.
- கலங்கிய நீர், ஆற்று முகத்துவாரம், மீன்கழிவு கொட்டும் இடம் ஆகியவற்றுக்குப் போகக் கூடாது.
- சுறாவைக் கண்டால் நீரை அடிக்காமல், அதன் மேல் பார்வையை வைத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். தாக்கினால் அதன் கண்ணிலும் செவுளிலும் அடிக்க வேண்டும்.
- கடிபட்டவருக்கு முதல் உதவி, காயத்தை அழுத்திக் குருதியை நிறுத்துவதே.

யாரிடமிருந்து யாருக்கு ஆபத்து?

உலகம் முழுவதும் சுறா கடித்து இறப்போர் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர் பிடிக்கும் சுறாக்களோ கோடிக்கணக்கில். சுறாக்கள் பருவமடைய நெடுங்காலமாகும். ஈனும் குட்டிகளும் குறைவு. ஆகவே குறைந்த எண்ணிக்கை எளிதில் மீள்வதில்லை. இந்தியாவில் திமிங்கலச் சுறா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. ஒருகாலத்தில் சுறாவிடமிருந்து மனிதரைக் காக்கக் கடல்கட்டி தேவைப்பட்டார். இன்று மனிதரிடமிருந்து சுறாவைக் காக்கச் சட்டம் தேவைப்படுகிறது.