சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்!

தோட்டத்தில் பெரட்டு எடுத்ததும், கிராணியார் செக்ரோலில் பேர் பதிந்ததும் நாம் அறிந்ததுதான். அவர் எழுதியதே கணக்கு; நம் பெற்றோர் கைநாட்டு வைத்ததோடு சரி. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன்னே ஜொகூர் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். தமிழகத்துத் தம்பிமாரும் அங்கே தங்குவிடுதிகளில் இருக்கிறார்கள். கணக்கு இன்னும் முதலாளி கையில் மட்டும்தானா?

இல்லை. சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். மாதம் முடிந்து 7 நாளில் சம்பளம். உடலுழைப்பாளரின் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 14 நாளில். தராவிட்டால் முத்தரப்புச் சமரச அமைப்பில் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் 2017-ல் அமைந்த நடுவர் மன்றம் உண்டு. வக்கீல் வேண்டியதில்லை.

ஆனால் தவணை இருக்கிறது. வேலையில் இருப்பவருக்கு ஓராண்டு. வேலையை விட்டவருக்கு ஆறே மாதம்! "முதலாளி அப்புறம் தருவார்" என்று காத்திருந்தால் காசும் போச்சு, காலமும் போச்சு.

ஆகவே தோழர்களே, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்த மணியை நாள்தோறும் நோட்டில் எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பினால், "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "சீட்டு வச்சிருக்கியா?" என்றும் கேளுங்கள்.