இலண்டன் சந்தையும் இலங்கை மென்பொருளும்

ஊர்க் கடையொன்றிலே தராசு பிழைத்ததென்ற பேச்சு எழுந்துவிட்டால், மறுநாள் மக்கள் வேறு கடையை நாடிச் செல்வர். பணம் புழங்கும் இடங்கள் யாவும் நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. உலகப் பெரும் பங்குச் சந்தைகளுக்கும் இவ்விதி பொருந்தும். அங்கே தராசாக விளங்குவது கணினி. அந்தக் கணினியை எவருடைய மென்பொருளை நம்பி ஒப்படைப்பது என்ற வினாவுக்கு இலண்டன் மாநகரம் கண்ட விடையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. அவ்வரலாற்றை நம் வாசகர்கள், சிறப்பாக மாணவர்கள், அறிந்திருத்தல் நன்று.

காப்பிக் கடையில் பிறந்த சந்தை

1698ஆம் ஆண்டில் இலண்டனிலே ஜொனதன் என்பாரின் காப்பிக் கடையில் ஜோன் கஸ்டேங் என்பவர் பங்குகளின் விலைப்பட்டியல் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். அக்கடையில் முளைத்த வாணிகமே 1801இல் முறையான பங்குச் சந்தையாக அமைந்தது. நெடுங்காலம் தரகர்கள் ஒரு மண்டபத்திலே நேருக்கு நேர் நின்று விலை பேசினர். 1986ஆம் ஆண்டின் பெருஞ் சீர்திருத்தத்தோடு அந்த ஆரவாரம் ஓய்ந்து, வாணிகம் கணினித் திரைக்கும் தொலைபேசிக்கும் இடம்பெயர்ந்தது.

2007ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ‘ட்ரேட்இலெக்ட்’ என்னும் புதிய வர்த்தக முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. அது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் மீதும், அதே நிறுவனத்தின் டொட்நெட் கருவிகளின் மீதும் எழுப்பப்பட்டது. இலண்டன் சந்தையே தம்மை நம்புகிறது என்று அந்நிறுவனம் தன் விளம்பரங்களிற் பெருமையுடன் எடுத்துக்காட்டிற்று. அவ்விளம்பரங்கள் குறிவைத்த போட்டியாளன் ‘லினக்ஸ்’ என்பதாகும்.

உரிமையாளர் ஒருவரில்லாப் பொருள்

லினக்ஸ் என்பது யாது? கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி, மற்றைய மென்பொருள்களுக்கு வேலையும் இடமும் பகிர்ந்து கொடுக்கும் அடிப்படை மென்பொருளை நம் பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என வழங்கும். வீட்டிலே தாயார் எவ்வாறோ, கணினியிலே அது அவ்வாறு. விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று.

1991ஆம் ஆண்டிலே பின்லாந்தின் ஹெல்சிங்கிச் சர்வகலாசாலையில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், தம் சொந்த ஆர்வத்தால் இதன் கருவை எழுதினார். எழுதியதைப் பூட்டி வைக்காமல் யாவரும் காண வெளியிட்டார். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த ‘க்னூ’ முயற்சியில் ஆக்கப்பட்ட கருவிகள் இதனோடு இணைந்தன. 1992இல் லினக்ஸ், அம்முயற்சி வகுத்த பொது உரிமத்தின்கீழ் வந்தது. அவ்வுரிமத்தின் சாரம் எளியது. எவரும் இதனைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம்; திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது மூல நிரலையும் உடன் வழங்குதல் வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதில் வாணிகம் எங்ஙனம் நடைபெறும் என்று வாசகர்கள் வினவக்கூடும். பொருளுக்கு விலையில்லை; அதனைச் சோதித்து, பழுது பார்த்து, இரவு பகலாகத் துணை நிற்கும் உழைப்புக்கு விலையுண்டு. கிணற்று நீருக்குக் காசில்லை. கிணற்றை இறைத்துத் தூர்வாருபவனுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். இந்தக் கூலியையே வருவாயாகக் கொண்டு வளர்ந்த ரெட் ஹற் நிறுவனத்தை, 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் 3,400 கோடி டொலர் கொடுத்து வாங்கிற்று.

சந்தை நின்ற நாள்

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி திங்கட்கிழமை. வீட்டுக் கடன் துறையில் நிலைகுலைந்திருந்த இரு பெரு நிறுவனங்களை அமெரிக்க அரசாங்கம் முதல்நாளிலே தன் பொறுப்பில் எடுத்திருந்தது. உலகெங்கும் பங்கு வாங்குவோரும் விற்போரும் முண்டியடித்த காலை அது. அன்றுபார்த்து இலண்டன் சந்தையின் கணினி முறை முடங்கிற்று. ஏறத்தாழ ஏழு மணி நேரம் வாணிகம் நின்றது. விற்க எண்ணியவன் விற்க முடியவில்லை. வாங்க எண்ணியவன் வாங்க முடியவில்லை.

இக்குற்றத்தை விண்டோஸின் தலையிலே மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. அதன்மேல் எழுதப்பட்ட மென்பொருளுக்கும் வலையமைப்புக்கும் இத்தகைய சிக்கல்களிற் பங்கிருத்தல் இயல்பே. ஆயினும் சந்தையின் நற்பெயருக்கு ஊறு நேர்ந்தது உண்மை. வேறொரு நெருக்கடியும் உடனிருந்தது. 2007 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், பழைய சந்தைகளின் தனியாட்சியைத் தளர்த்திவிட்டது. ஷை-எக்ஸ் போன்ற புதுச் சந்தைகள் குறைந்த கட்டணத்தோடும் மிகுந்த வேகத்தோடும் களத்தில் இறங்கின. வாணிகம் அப்பக்கம் சாயலாயிற்று.

மாலபேயிலிருந்து சென்ற விடை

2009இல் சந்தையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற சேவியர் ரொலே, பழைய முறையை நீக்கத் துணிந்தார். புதியதை வாங்குவதோடு அமையாது, அதனை ஆக்கும் நிறுவனத்தையே வாங்குவதென முடிவாயிற்று. அந்த நிறுவனம் எங்கிருந்தது? கொழும்பை அடுத்த மாலபேயில்! 1996இல் தொடங்கப்பட்ட மில்லேனியம் ஐ.ரி. என்னும் அந்நிறுவனத்தை இலண்டன் சந்தை 2009இல் ஏறத்தாழ 3 கோடி டொலருக்கு வாங்கிற்று. அதன் ‘மில்லேனியம் எக்ஸ்சேஞ்ச்’ என்ற வர்த்தக மென்பொருள் லினக்ஸ் மீது இயங்கியது.

லினக்ஸ் இத்தகைய பணிக்கு உகந்ததாவது ஏன்? மூல நிரல் கண்முன் இருப்பதால், பொறியியலாளர் தமக்கு வேண்டாத பகுதிகளை அகற்றி, வேண்டியவற்றைக் கூர்மைப்படுத்தலாம். கணினிகளைப் பெருக்குந்தோறும் உரிமக் கட்டணம் பெருகுவதில்லை. ஒரு விற்பனையாளர் கைவிட்டால் இன்னொருவரை நாடலாம்.

2010 ஒக்ரோபரில், இலண்டன் சந்தைக்குச் சொந்தமான ‘ரர்க்குவாய்ஸ்’ என்ற சிறிய சந்தை முதலில் மாற்றப்பட்டது. ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் சராசரி 126 கூறுக்குள் ஒரு கட்டளை நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் இத்தகைய பல நூறு கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துவிடும்.

ஆனால் வழி முழுவதும் பூப்பரப்பாக இருக்கவில்லை. நவம்பர் மாதம் அச்சிறு சந்தை இரண்டு மணி நேரம் தடைப்பட்டது. பெருஞ்சந்தையின் மாற்றம் அதனாற் பிற்போடப்பட்டு, 2011 பெப்ரவரி 14ஆந் திகதி நிறைவேறியது. இரு வாரங்கூடச் செல்லுமுன், அதே மாதம் 25ஆந் திகதி காலை, புதிய முறையும் நான்கு மணி நேரம் நின்றது! லினக்ஸ் என்ற பெயரே காவல் தெய்வமாகிவிடாது என்பதை அந்தக் காலைப்பொழுது உணர்த்தியது. எனினும் சந்தை பின்வாங்கவில்லை. குறைகளைக் களைந்து அம்முறையையே தொடர்ந்தது. இத்தாலியின் மிலான் சந்தைக்கும் அது பின்னர் சென்றது.

வென்றது யார்?

2001இல் மைக்ரோசொப்டின் தலைவராயிருந்த ஸ்டீவ் போல்மர், லினக்சைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பழித்தார். 2016இல் அதே நிறுவனம் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராகச் சேர்ந்தது. உலகின் அதிவேகக் கணினிகள் 500 என்னும் பட்டியலில் 2017 நவம்பர் தொடக்கம் இடம்பெறுபவை யாவும் லினக்சிலேயே இயங்குகின்றன. ஆயினும் அலுவலக மேசைகளில் விண்டோஸின் ஆட்சி அசையவில்லை. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்சைத் தேர்ந்து, பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளை மாற்றியது. பின்னர் 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. பழகிய கோப்புக்களும் பழகிய கைகளும் இலகுவில் மாறுவதில்லை.

இன்னுமொன்றையும் மறைத்தலாகாது. மாலபேயில் ஆக்கப்பட்ட வர்த்தக மென்பொருள் திறந்த மூலமன்று. அதன் நிரல் பூட்டப்பட்டதே. பொதுச் சொத்தாகிய நிலத்தின்மேல் தனியார் கட்டிய மாளிகை அது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இன்றைய வணிகக் கணினி உலகின் நிலை.

மாணவர்களே, ஹெல்சிங்கி மாணவர் எழுதிய நிரல் உங்கள் கணினிக்கும் காசின்றிக் கிடைக்கும். அதனைத் திறந்து பார்ப்பதற்கு எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. செல்வந்த நாட்டின் பொறியியலாளர் எதைப் படிக்கின்றாரோ, அதையே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலைநாட்டிலோ இருக்கும் மாணவரும் படிக்கலாம். சிறிய நாடொன்றின் பொறியியலாளர் ஆக்கிய மென்பொருளை இலண்டன் தேடி வந்து வாங்கியமை வெறுங் கதையன்று, நடந்த செய்தி. பொதுவாக வைக்கப்பட்ட அறிவை எவர் ஊன்றிக் கற்கின்றாரோ, அவருக்கே அது பயன் தரும்.