பாட்டி கையில் பச்சை ஏன் அழியவில்லை?

என் பாட்டியின் முன்கையில் ஒரு சின்னக் கோலம் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. பதினைந்து வயதில் குத்திக்கொண்டது. இப்போது அவருக்கு 78. தோலின் மேற்பகுதி சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். அப்படியானால் அந்த மை அறுபது ஆண்டுகளாக எங்கே இருக்கிறது?

‘மேக்ரோஃபேஜ்’ எனப்படும் விழுங்கும் அணுக்களுக்குள். ஊசி தோலின் உள்ளடுக்கில் இறக்கும் மையை, இந்த நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருளாக எண்ணி விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள், எலியின் வாலில் பச்சை குத்தி, மையை விழுங்கிய அணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். பச்சை மங்கவில்லை. வெளியே கொட்டிய மையைப் புதிதாக வந்த அணுக்கள் விழுங்கிக்கொண்டன.

“அப்போ இது நான் குத்திக்கிட்டது இல்லையா?” என்று பாட்டி கேட்டார். மை அதேதான் பாட்டி, அதை வைத்திருக்கும் அணுக்கள்தான் மாறியிருக்கும் என்றேன்.

புதிய அணுக்கள் எங்கிருந்து வந்தன? எலும்பு மஜ்ஜையில் பிறந்து, இரத்தத்தில் பயணம் செய்து, திசுவுக்குள் நுழைந்தன. உடலிலுள்ள எல்லா மேக்ரோஃபேஜ்களும் இப்படித்தான் வருகின்றன என்று 1960களின் இறுதியிலிருந்து நம்பப்பட்டது. குடலைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. அங்கு மஜ்ஜையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூளைக்கு இது பொருந்தவில்லை. மூளையைக் காக்கும் ‘மைக்ரோகிளியா’ அணுக்களின் மூதாதைகள், எலிக்கருவில் எட்டாம் நாளுக்கு முன்பே, கருவோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையில் தோன்றுகின்றன என்று 2010இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. எலும்பே உருவாகாத காலம் அது. மஜ்ஜைக்கு எங்கே போவது? அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஃபுளோரன் ஜின்ஹூ, பின்னர் பல ஆண்டுகள் சிங்கப்பூரில் ஆய்வுக்கூடம் நடத்தியவர் என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி.

பிறக்கும் முன்பே குடியேறிய இந்த அணுக்கள், மூளைக்குள்ளேயே பிரிந்து தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. மனிதரில் அதன் வேகத்தை அளக்க சுவீடன் ஆய்வாளர்கள் பிடித்த வழி விசித்திரமானது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. பிறகு மெல்லக் குறைந்தது. ஓர் அணுவின் மரபணுப் பொருளில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அந்த அணு பிறந்த காலம் தெரிந்துவிடும். மைக்ரோகிளியாவின் சராசரி வயது சுமார் நான்கு ஆண்டுகள். சில இருபதையும் தாண்டியவை.

பாட்டியின் கைக்கே திரும்புவோம். மை இருக்கும் அடுக்குக்குச் சற்று மேலே, மேல்தோலில் ‘லாங்கர்ஹான்ஸ்’ அணுக்கள் இருக்கின்றன. 1868இல் அவற்றைக் கண்டவர் ஒரு மருத்துவ மாணவர், என்னைவிட ஒரு வயதுதான் கூட. நரம்பணு என்று தவறாக நினைத்துவிட்டார்! இவையும் இருந்த இடத்திலேயே பெருகுபவை. பிறருடைய கை பொருத்தப்பட்ட ஒருவரின் உடலில், சில ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கையின் லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் தானம் செய்தவருடையவையாகவே இருந்தன.

மருத்துவத்துக்கு இது வெறும் பூர்வீகக் கதையல்ல. மஜ்ஜை மாற்று சிகிச்சையால் இரத்த அணுக்களை மாற்றிவிடலாம். ஆனால் மூளையின் காவல் அணுக்கள் பழுதாகி வரும் நோய்களில், பழையவற்றை அகற்றி இடம் காலியாக்கினால்தான் புதியவை அங்கு குடியேறும். பாதுகாப்பாக அதைச் செய்வது எப்படி என்பதில்தான் இப்போது ஆய்வுகள் மும்முரமாக நடக்கின்றன.