காரின் பின்னால் ஓர் ஒளிக்கருவி

இரவில் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையில் கார் ஓட்டியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். முன்னால் போகும் காரின் உடல் இருட்டோடு கலந்து கிடக்கும். நம்பர் பிளேட் மட்டும் பளிச்சென்று எரியும். அதே நொடியில் சாலையோர டீக்கடை வாசலில் நிற்பவர் அதைப் பார்த்தால், அவர் கண்ணுக்குத் தெரிவது மங்கலான ஒரு வெள்ளைத் துண்டு. தகடு ஒன்றுதான். ஆனால் அது திருப்பி அனுப்பும் ஒளி ஹெட்லைட் போட்டுக்கொண்டு பின்னால் வருபவரிடம் மட்டுமே போய்ச் சேருகிறது.

சாதாரண வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறவிடும். அதில் மிகச் சிறிய பங்குதான் ஓட்டுபவரின் கண்ணுக்குத் திரும்பும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்தினால், நேர் எதிரே இருந்தாலொழிய ஒளி வேறு பக்கம் போய்விடும். நம்பர் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் படலம் இந்த இரண்டையும் செய்வதில்லை. சற்றுச் சாய்வாக வந்த ஒளியையும் வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. திரும்பி வரும் ஒளிக்கற்றை கொஞ்சம் விரிந்து வருவதால் அந்தக் கண்ணும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இதைச் செய்வது படலத்துக்குள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள். மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து பின்சுவரில் குவிகிறது. அங்கே எதிரொளித்து, மறுபடி வளைந்து, வந்த பாதைக்கு இணையாக வெளியேறுகிறது. ஜன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. அந்தக் கண்ணாடியில் மணி செய்தால் ஒளி மணிக்குப் பின்னால் எங்கோ குவியும். எண் 1.9-ஐ ஒட்டி இருந்தால்தான் சரியாகப் பின்சுவரில் குவியும். அதற்காகவே பேரியம், டைட்டானியம் ஆக்ஸைடுகளைச் சேர்த்துத் தனிக் கண்ணாடி தயாரிக்கிறார்கள். மணிகள் திறந்தபடி இருந்தால் மழைநீர் பட்டவுடன் இந்தக் கணக்கு குலைந்துவிடும். எனவே அவற்றைத் தெளிவான பிளாஸ்டிக் படலத்துக்குள் புதைக்கிறார்கள். அப்படிப் புதைக்கும்போது ஒளிவிலகல் எண் 2.2 வரை உயர வேண்டியிருக்கிறது.

மணிக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் சந்திக்கும் நுண்ணிய மூலைகளைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. கேரம் போர்டின் மூலையில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் மோதும் ஸ்ட்ரைக்கர், வந்த பாதைக்கு இணையாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வடிவக் கணிதம்தான், மூன்றாவது பக்கம் கூடுதல். 2023-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் கலத்தின் மேல் நாசா கொடுத்த சிறிய லேசர் எதிரொளிப்பான் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளவை இப்படிப்பட்ட எட்டு மூலைகள். அந்த ஆண்டு டிசம்பரில் நிலவைச் சுற்றும் நாசாவின் விண்கலம் ஒன்று லேசர் ஒளியை அனுப்பி, அதிலிருந்து திரும்பிய ஒளியைப் பெற்றது. உங்கள் காரின் பின்னால் இருக்கும் தகடும் அதே இயற்பியலில்தான் வேலை செய்கிறது. சில நூறு ரூபாய்க்கு வாங்கும் பொருள்தானே என்று அதை அலட்சியமாக நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒளி உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என இரண்டு தடவை படலத்தின் மேற்பரப்பைக் கடக்கிறது. மேலே படிந்த சேறு பாதி ஒளியைத்தான் விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பாதி, வரும்போது அதில் பாதி. கடைசியில் கிடைப்பது கால் பங்கு. நான்கில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் அழுக்கானால் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. பகலில் ‘லேசான தூசுதான்’ என்று தோன்றும் தகடு இரவில் படிக்க முடியாமல் போவது இதனால்தான். பாதுகாப்பு என்று சொல்லி மேலே மாட்டும் பிளாஸ்டிக் மூடிக்கும், குறிப்பாகக் கறுப்புச் சாயமேற்றிய மூடிக்கும், இதே கணக்குதான். பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. தகட்டின் பார்வைதான் போகிறது.

இந்தியாவில் இன்று புதுக் காரோடு வரும் தகட்டை எச்.எஸ்.ஆர்.பி. என்கிறார்கள். உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு. 2001-இலேயே மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது சேர்க்கப்பட்டுவிட்டது. டெண்டர், வழக்கு, உச்ச நீதிமன்றம் என்று ஆண்டுகள் ஓடின. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வண்டிகளுக்குத் தயாரிப்பு நிறுவனமே டீலர் மூலம் தகட்டைக் கொடுக்க வேண்டும் என்று ஆனபிறகுதான் நாடெங்கும் பரவியது. டெல்லி, கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் பழைய வண்டிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கின.

தகடு 1 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியம். மேல் இடது மூலையில் 20-க்கு 20 மில்லிமீட்டரில் அசோகச் சக்கரம் பதித்த குரோமிய ஹாலோகிராம். இடப்பக்க நடுவில் நீல நிறத்தில் ‘ஐ.என்.டி.’ எழுத்துகள். அதற்குக் கீழே லேசரால் பொறித்த, குறைந்தது பத்து இலக்கங்கள் கொண்ட நிரந்தர எண். பதிவெண்ணை அச்சு இயந்திரத்தில் அழுத்திப் புடைக்க வைத்து, புடைத்த இடத்தின் மேல் மட்டும் சூட்டினால் கறுப்புப் படலத்தை ஒட்டுகிறார்கள். கறுப்பு உரிந்து போனாலும் உலோகத்தின் புடைப்பு இருக்கும். விரலால் தடவியே எண்ணைச் சொல்லிவிடலாம். லேசர் எண்ணைச் சுரண்டி அழிக்கப் பார்த்தால் எதிரொளிப்புப் படலமும் சேர்ந்து கிழியும். கார்களில் இந்தப் பின், முன் தகடுகளின் லேசர் எண்கள், பதிவெண், இன்ஜின் எண், சேசிஸ் எண் எல்லாம் அடங்கிய ஸ்டிக்கர் முன்கண்ணாடியில் உட்புறமாக ஒட்டப்படுகிறது. விதிகள் இதை மூன்றாவது பதிவுக் குறி என்கின்றன. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

ஆகவே தகட்டை மாற்றுவது என்பது பழைய காலத்தைப் போலக் கடைத்தெருவில் ‘ஸ்டிக்கர் கட்டிங்’ செய்பவரிடம் கொடுத்து வாங்கும் வேலையாக இனி இல்லை. விபத்தில் ஒரு தகடு நசுங்கினால், புதிதாக வரும் தகட்டுக்கு வேறு லேசர் எண் இருக்கும். முன்கண்ணாடி ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணோடு அது பொருந்தாது. எனவே ஸ்டிக்கரும் மாற வேண்டும். தகடு காணாமல் போனால் முதலில் போலீஸில் புகார் கொடுத்துவிடுங்கள். உங்கள் எண்ணைச் சுமந்த தகடு வேறொரு வண்டியில் ஏறி எந்த ஊரில் என்ன செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. பார்வைக்கு எச்.எஸ்.ஆர்.பி. போலவே இருக்கும் போலித் தகடுகளும் விற்கின்றன. அவற்றில் சக்கரப் படம் இருக்கும், லேசர் எண் இருக்காது. இருந்தாலும் அரசின் வாகனப் பதிவேட்டில் உங்கள் வண்டியோடு அது சேர்ந்திருக்காது. அங்கீகரிக்கப்பட்ட வழியில் வாங்கிய தகட்டுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருத்துவதில் முக்கியமானது ஸ்னாப் லாக். ஸ்குருவை எந்தத் திருப்புளியாலும் கழற்றிவிடலாம். ஸ்னாப் லாக் ஒரு திசையில் மட்டும் உள்ளே போகும். மறுபக்கம் விரிந்து பிடித்துக்கொள்ளும். எடுக்க வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க முடியும், உடைத்ததை மறுபடி பயன்படுத்த முடியாது. பின்பக்கத் தகட்டுக்கு இது கட்டாயம். டீலரிடம் பொருத்தும்போது ‘இப்போதைக்கு ஸ்குரு போட்டுத் தருகிறேன்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காருக்கான தகடு 500-க்கு 120 அல்லது 340-க்கு 200 மில்லிமீட்டர். வண்டியில் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பம்பரின் வளைவுக்கு ஏற்பத் தகட்டை வளைப்பது தவறு. சாய்வு 30 பாகையைத் தாண்டினால் திரும்பும் ஒளி வேகமாகக் குறைகிறது. இருசக்கர வாகனங்களில் பிளேட்டை வானத்தைப் பார்க்க மடக்கிவிடுகிற இளைஞர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்த விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். துளை போட நேர்ந்தால் எழுத்தின் மேலோ ஹாலோகிராமின் மேலோ போடக் கூடாது. வெள்ளைப் பகுதியில் கறுப்புத் தலையுள்ள ஸ்குரு எழுத்தை ஒட்டி நின்றால் கேமரா அதையும் எழுத்தின் உறுப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நடுவே பிளாஸ்டிக் வாஷர் வைப்பது நல்லது. முன்னால் மாட்டும் இரும்பு கார்டு தகட்டை மறைக்கிறது. அதைக் கழற்றிவிடுவதே சரி.

எழுத்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. கார்களுக்கு உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10, இடைவெளி 10. நல்ல பார்வையுள்ள கண், பாகையின் அறுபதில் ஐந்து பங்கு கோணம் காட்டும் எழுத்தைப் படிக்கும். அந்தக் கணக்கில் 65 மில்லிமீட்டர் எழுத்து ஏறக்குறைய 45 மீட்டர் தூரம் வரை தெரியும். இருசக்கர வாகனத்தின் பின்பக்க எண் 40 மில்லிமீட்டர். அதன் எல்லை 27 மீட்டர். பிரிட்டனில் ஓட்டுநர் தேர்வுக்கு வருபவரை முதலில் 20 மீட்டரில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் 8055-ஐ ‘பாஸ்’ என்று தெரியும்படி வளைத்து எழுதுவதும், எண்ணைச் சுருக்கிவிட்டு நடிகர் படத்துக்கும் கட்சிக் கொடிக்கும் இடம் விடுவதும் இந்த 45 மீட்டரைத்தான் தின்கின்றன. ஜெர்மனியில் ‘பி’யை ‘ஆர்’ ஆக்கவோ 3-ஐ 8 ஆக்கவோ கறுப்பு டேப்பால் முடியாதபடி எழுத்துருவையே தனியாக வடிவமைத்தார்கள். நம் விதி வகுத்தவர்களும் இதைச் செய்திருக்கலாம்.

நெடுஞ்சாலைக் கேமராக்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படமெடுக்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஆயிரத்தில் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் கலங்காமலிருக்கக் கேமராவின் கண் அவ்வளவு குறைந்த நேரமே திறந்திருக்க முடியும். அந்தச் சொற்ப நேரத்தில் போதிய ஒளியைத் திருப்பிக் கொடுப்பது அந்தக் கண்ணாடி மணிகள்தான்.

கேமரா இல்லாத சாலைகளே நம் நாட்டில் அதிகம். அங்கே இடித்துவிட்டு ஓடும் வண்டியின் எண்ணைப் பார்க்க வேண்டியவர் டீக்கடை வாசலில் நிற்பவர். அவரிடம் ஹெட்லைட் கிடையாது. தகட்டின் மணிகள் அவருக்கு உதவா. அவருக்காகத்தான் பின் தகட்டின் மேல் ஒரு சிறிய வெள்ளை விளக்கு இருக்கிறது. 15 மீட்டர் தூரத்தில் இருந்து எண்ணைப் படிக்கும்படி அது எரிய வேண்டும் என்பது விதி. எண் தெரிந்தால் அடிபட்டவரின் குடும்பம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். இறந்தவரின் வருமானம், வயது, சார்ந்திருப்போர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத் தொகை முடிவாகும். எண் தெரியாவிட்டால் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். அவ்வளவுதான். இறந்தவர் குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரராக இருந்தாலும் தொகை மாறாது.

தகட்டைச் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு துடையுங்கள். மண்ணெண்ணெய், தின்னர், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். மேல் படலம் கீறினால் ஈரம் உள்ளே புகுந்துவிடும். இன்று இரவு காரின் பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் இருபது தப்படி நடந்து நின்று பாருங்கள். ஏறக்குறைய 15 மீட்டர் ஆகும். எண் தெளிவாகத் தெரியவில்லை என்றால் நாளைக்கே மெக்கானிக்கிடம் போய் அந்தச் சின்ன பல்பை மாற்றிவிடுங்கள்.