பகடையும் மதகும்: ஒரு சிமுலேஷன் லீக் அணியை நடத்துவது எப்படி?

அமெரிக்கன் ஃபுட்பாலை முக்கொம்பு, ஜீயபுரம் பக்கம் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த விளையாட்டின் ஒரு கற்பனை அணியைத் திருச்சியில் உட்கார்ந்தபடி நடத்த முடியும். நான் சில வருடங்களாக நடத்திக்கொண்டிருக்கிறேன். "அது என்ன ஆட்டம், வீடியோ கேமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் குறிப்பு. இதில் நான் கற்ற ஒரு கணக்கு, போனில் காசு வைத்து ஆடும் நம்ம பசங்களுக்கும் தேவைப்படும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம்

ஒரு அணிக்கு மைதானத்தில் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கிறது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் நிற்பது போல. நம்ம ஊர் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அதைத் துண்டு துண்டாக வெட்டுவது கஷ்டம். கிரிக்கெட்டும் அமெரிக்கன் ஃபுட்பாலும் இயற்கையாகவே துண்டுகளாக இருப்பவை. அதனால்தான் இவற்றைப் பகடையிலும் கணினியிலும் ஆடிக் காட்டுவது சுலபம்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஆடிய புக் கிரிக்கெட்டும் ஒரு சிமுலேஷன்தான். புத்தகத்தைத் திறந்து பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். ஆனால் அதில் டெண்டுல்கரும் பதினோராவது ஆட்டக்காரரும் ஒன்றுதான், புத்தகத்துக்கு ஆள் யாரென்று தெரியாது. 1961ல் ஹால் ரிச்மன் என்பவர் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேடிக் என்ற பேஸ்பால் பலகை விளையாட்டு இந்தக் குறையைச் சரிசெய்தது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை, அவருடைய நிஜப் புள்ளிவிவரப்படி பகடையின் பலன் மாறும். இன்றைய கணினி லீக் எல்லாமே இந்த யோசனையின் வாரிசுகள். ஜிம் கிண்டின் 1998ல் வெளியிட்ட ஃப்ரண்ட் ஆஃபீஸ் ஃபுட்பால் இதில் முன்னோடி.

ஆன்லைன் லீக்கில் பொதுவாக 32 அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர் மேலாளர். வாரா வாரம் யார் ஆடுவது, என்ன வியூகம், யாரை விற்பது என்று முடிவுகளை அனுப்பிவிட வேண்டும். லீக்கை நடத்துபவர் குறித்த நேரத்தில் கணினியை ஓட்டுவார். ஜாய்ஸ்டிக் கிடையாது, விரல் வேகம் தேவையில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்கால ஞாயிறு இரவு 8 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 5.30. காபி போடுவதற்குள் முடிவு வந்திருக்கும்.

சம்பள உச்சவரம்பு என்னும் மதகு

மேலாளரின் வேலையில் முக்கால்வாசி காசுக் கணக்குதான். நிஜ என்.எஃப்.எல். போலவே இங்கும் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. என்.எஃப்.எல்.லில் இது 1994ல் வந்தது, அப்போது 34.6 மில்லியன் டாலர். 2025ல் 279.2 மில்லியன். பணக்கார முதலாளி என்பதால் கூடுதலாக அள்ளி வீச முடியாது.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க முக்கொம்பு போதும். அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் சரிவு கூடிய நேர்வழி. சும்மா விட்டால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும், காவிரிப் பாசனம் காய்ந்துவிடும். 1836ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். வரும் தண்ணீர் வந்ததுதான், மதகால் அதைக் கூட்ட முடியாது. எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும்.

சம்பளக் காசும் அப்படியே. சும்மா விட்டால் அது பந்தை எறியும் குவார்ட்டர்பேக், பந்தைப் பிடித்து ஓடும் நட்சத்திரம் என்று சரிவான பக்கம் ஓடிவிடும். முன்னால் நின்று முட்டுக்கொடுக்கும் ஐந்து பேரின் பெயர் எந்தத் தலைப்பிலும் வராது, அவர்களுக்கு மிச்சம்தான். ஆனால் அந்த ஐவர் பலவீனமாக இருந்தால் கோடி கோடியாகக் கொடுத்த குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் கீழே கிடப்பார். எனவே முதல் விதி: காசு தானாக எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், அங்கே மதகை இறக்குங்கள்.

இரண்டாவது விதி, நாளைய தண்ணீரை இன்றைக்கே திறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துத் தொகை என்று ஒன்று உண்டு. ஐந்து வருட ஒப்பந்தத்தில் 20 மில்லியன் முன்பணம் கொடுத்தால், கணக்கில் வருடத்துக்கு 4 மில்லியனாகப் பிரித்துக் காட்டலாம். இனிக்கும். ஆனால் இரண்டு வருடத்தில் அவரை நீக்கினால் மீதி 12 மில்லியனும் உங்கள் வரம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆள் இல்லை, செலவு மட்டும் இருக்கும். இதற்கு 'செத்த பணம்' என்றே பெயர். மென்பொருள் ஆட்களுக்குத் தெரிந்த தொழில்நுட்பக் கடனும் இதே ஜாதிதான்.

புது வீரர்கள்

ஒவ்வொரு சீசன் முடிவிலும் புது வீரர்களை வரிசையில் எடுக்க வேண்டும். ஏழு சுற்று. கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இந்த வாய்ப்புகளைப் பரிமாறிக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி, ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது, ஒரு மதிப்பு அட்டவணை செய்தது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 16ஆவதற்கு 1000, 32ஆவதற்கு 590. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் (2017ல் பொருளாதார நோபல் வாங்கியவர்) இதை ஆராய்ந்து, முதல் சில தேர்வுகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். முதலில் எடுக்கப்படுபவர் சராசரியாக நல்ல வீரர்தான். ஆனால் கொடுக்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால், சற்றுப் பின்னால் எடுக்கப்படுபவரே அதிக லாபம். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புது வீரர் சம்பளம் குறைந்ததால் நிஜ லீக்கில் நிலைமை ஓரளவு மாறியது. சிமுலேஷன் லீக்கில் அந்த லீக்கின் சம்பள விதி என்ன என்று முதலில் படியுங்கள், அப்புறம் அட்டவணையை நம்புங்கள்.

நான்காவது முயற்சியில் உதைத்துவிடுவதா, துணிந்து ஓடுவதா என்பதும் இப்படித்தான். டேவிட் ரோமர் என்ற பொருளாதார அறிஞர் 2006ல் வெளியிட்ட கட்டுரையில், பயிற்சியாளர்கள் தேவைக்கு அதிகமாக உதைக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். துணிந்து தோற்றால் திட்டு விழும், வழக்கப்படி உதைத்துத் தோற்றால் யாரும் கேட்க மாட்டார்கள். சிமுலேஷன் மேலாளருக்கு அந்த பயம் வேண்டாம்.

ஜெயித்தால் திறமையா?

இப்போது மெயின் விஷயத்துக்கு வருவோம். ஒரு சீசனுக்கு 17 ஆட்டம். உங்கள் அணி 12ல் ஜெயிக்கிறது. நீங்கள் நல்ல மேலாளரா?

ஒவ்வொரு ஆட்டத்தையும் நாணயம் சுண்டித் தீர்மானித்தாலும், 17ல் 12 அல்லது அதற்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம். 32 அணி உள்ள லீக்கில் ஒவ்வொரு வருடமும் சராசரியாக இரண்டு அணி, ஒன்றுமே செய்யாமல், வெறும் நாணயத்தால் 12 வெற்றி பெறும். 10 வெற்றி என்றால் இன்னும் மோசம், அந்த வாய்ப்பு 31 சதவீதம்.

அதனால் வெற்றி எண்ணிக்கையை விட அடித்த புள்ளி, விட்டுக்கொடுத்த புள்ளி இரண்டையும் பார்ப்பது நல்லது. பேஸ்பாலுக்கு பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த சூத்திரம் இது. அடித்தது, விட்டுக்கொடுத்தது இரண்டையும் ஒரே அடுக்குக்கு உயர்த்தி, அடித்ததற்கு வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு அந்த அடுக்கு 2.37 என்று வைப்பது வழக்கம். ஒரு அணி 400 புள்ளி அடித்து 340 கொடுத்திருந்தால், எதிர்பார்க்கும் வெற்றி சுமார் 10. அந்த அணி 7ல்தான் ஜெயித்தது என்றால் பயிற்சியாளரை மாற்றாதீர்கள். அடுத்த வருடம் தானாக ஏறும்.

சரி, 50 சதவீத மேலாளரையும் 55 சதவீத மேலாளரையும் வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல எத்தனை ஆட்டம் வேண்டும்? இரண்டு திட்டவிலக்கம் என்ற வழக்கமான அளவுகோலில் 400 ஆட்டம். வருடத்துக்கு 17 என்றால் 23 வருடத்துக்கு மேல். நிஜ உலகில் அவ்வளவு காலம் யாரும் வேலையில் இருக்க மாட்டார்கள். சிமுலேஷனில் அதே அணியை, அதே வியூகத்தோடு ஒரே ராத்திரியில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம். இந்த லீக்குகள் மேல் எனக்கு இருக்கும் ஈர்ப்பே இதுதான்.

இது நம்ம ஊருக்கு எதற்கு?

ஃபேன்டசி விளையாட்டு இதற்குப் பங்காளி. 1962ல் ஓக்லாந்தின் பில் விங்கன்பாக் நண்பர்களோடு தொடங்கியது. அதில் நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுப்பீர்கள், அவர்கள் நிஜமாக ஆடுவதற்குப் புள்ளி. இந்தியாவில் அது கிரிக்கெட்டாகி, காசோடு சேர்ந்தது. கூட வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, ரெண்டு மாசமா ஜெயிச்சிட்டுத்தானே இருக்கேன், இது ஸ்கில்லுதானே?"

நீதிமன்றங்களும் இதே கேள்வியைத்தான் பல வருடம் கேட்டன. 1996ல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டு வழக்கு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடினால் அது ஆன்லைன் பண விளையாட்டு, அதற்குத் தடை. காசு இல்லாத சிமுலேஷன் லீக் அந்த வரையறைக்குள் வராது.

சட்டம் எப்படியோ போகட்டும், தம்பிக்கு நான் சொன்னது கணக்கு. உதாரணத்துக்கு, இருவர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டி, ஜெயித்தவருக்கு 90 கிடைக்கிறது என்று வையுங்கள். மீதி 10 நடத்துபவருக்கு. கை நஷ்டமில்லாமல் இருக்கவே நூற்றுக்கு 56 முறை ஜெயிக்க வேண்டும். அதாவது 55 சதவீதத் திறமைசாலிக்கும் காசு போகும். தனக்கு அந்த 55 இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே 400 ஆட்டம் ஆக வேண்டும். அதற்குள் எவ்வளவு கட்டியிருப்பான்? "திறமை ஆட்டம்" என்ற சொல் பொய்யில்லை. ஆனால் திறமை ஆட்டத்தில் இருப்பது வேறு, உங்களிடம் இருப்பது வேறு, அது கமிஷனைத் தாண்டும் அளவுக்கு இருப்பது இன்னும் வேறு.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காசில்லாத லீக்குல இடம் இருக்காண்ணே?" என்றான். இருந்தது. போன சீசனில் கடைசியாக வந்த அணி, செத்த பணம் நிறைய. அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான். உங்களுக்கும் ஆசை இருந்தால் இப்படி ஒரு நொடிந்த அணியிலிருந்தே தொடங்குங்கள். முதல் வருடம் ஒப்பந்தங்களை மட்டும் சுத்தம் செய்யுங்கள், இரண்டாவது வருடம் முன்வரிசை ஐவரைத் தேடுங்கள், வெற்றி எண்ணிக்கையை மூன்றாவது வருடம் பார்த்துக்கொள்ளலாம்.