சோப்பாகாமல் தப்பிய எண்ணெய்

பஜ்ஜி பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயைக் காஸ்டிக் சோடாக் கரைசலோடு காய்ச்சினால் சோப்பு கிடைக்கும். தண்ணீருக்குப் பதில் மெத்தனாலை ஊற்றி, காஸ்டிக் சோடாவையும் வெகுவாகக் குறைத்துவிட்டால், அதே எண்ணெய் லாரியை ஓட்டும் பயோடீசலாகிவிடும். பயோடீசல் ஆலையின் தொல்லையும் கழிவும் பெரும்பாலும் சோப்புக்கும் பயோடீசலுக்கும் நடக்கும் போட்டியில்தான் பிறக்கின்றன.

கிளிசரின் என்ற கொக்கியில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மாட்டியிருப்பதுதான் எண்ணெய் மூலக்கூறு. டீசலைவிடப் பத்து மடங்கு பிசுபிசுப்பானது என்பதால் எண்ணெயை அப்படியே ஊற்றினால் எஞ்சின் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் மெத்தனால் வந்து அந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலையும் 10 கிலோ கிளிசரினையும் தருகின்றன. இந்த வினை பின்னோக்கியும் நடக்கக்கூடியது. அதைத் தடுக்க மெத்தனாலை இரண்டு பங்காக ஊற்றி, மிஞ்சியதை ஆவியாக்கி மீட்கிறார்கள்.

வினை முடிந்ததும் தொட்டியை அசையாமல் விட்டால் மேலே பொன்னிறப் பயோடீசல், அடியில் பழுப்புக் கிளிசரின் என்று கோடு போட்டதுபோல் பிரியும். பழைய எண்ணெயில் அந்தக் கோடு கலங்கிவிடுகிறது. பொரிக்கும்போது பண்டத்தின் ஈரமும் சூடும் சேர்ந்து சில சங்கிலிகளை முன்பே அறுத்துவிட்டிருக்கும். அப்படித் தனித்துத் திரியும் கொழுப்பு அமிலம் காஸ்டிக் சோடாவைக் கண்டதும் சோப்பாகிறது. வினையூக்கியான காஸ்டிக் சோடா வீணாகிறது, பயோடீசலும் கிளிசரினும் பிரிய மறுக்கின்றன. பிறகு பயோடீசலைத் தண்ணீர்விட்டு அலசினால் நுரைத்துப் பால்போல் குழம்புகிறது. அலசிய நீரையும் சுத்திகரித்துத்தான் வெளியே விடவேண்டும்.

இதற்கு எளிய தீர்வு, எண்ணெயை முதலில் சோதிப்பது. தனிக் கொழுப்பு அமிலம் சுமார் 2 சதவீதத்தைத் தாண்டினால், கந்தக அமிலத்தை வினையூக்கியாக வைத்து மெத்தனாலோடு ஒரு சுற்று ஓட்டுகிறார்கள். சோப்பாகியிருக்க வேண்டிய அமிலம் பயோடீசலாக மாறிவிடுகிறது. அப்போது உண்டாகும் நீரை நீக்கியபின் காஸ்டிக் சோடாவின் முறை வருகிறது.

இன்னொரு வழி, கரையாத வினையூக்கி. பிரான்சின் செத் துறைமுகத்தில் 2006இல் இயங்கத் தொடங்கிய ஆலை துத்தநாகமும் அலுமினியமும் கலந்த ஆக்சைடைப் பயன்படுத்தியது. எண்ணெயும் மெத்தனாலும் அந்தத் திடப்பொருள்மேல் பாய்ந்து செல்கின்றன. அது அங்கேயே தங்கிவிடுகிறது. சோப்பும் இல்லை, அலசலும் இல்லை. கிளிசரின் 98 சதவீதத் தூய்மையோடு கிடைப்பதால் நல்ல விலைக்குப் போகிறது. ஆனால் இதற்கு உயர்ந்த வெப்பமும் அழுத்தமும் வேண்டும். எண்ணெயும் சுத்தமாக இருக்கவேண்டும்.

அழுக்கு எண்ணெய்க்கு ஏற்றது லிப்பேஸ் நொதி. நம் கணையம் கொழுப்பைச் செரிக்கச் சுரப்பதும் இந்த வகை நொதியைத்தான். எண்ணெய், தனிக் கொழுப்பு அமிலம் இரண்டையும் மிதமான சூட்டிலேயே மாற்றிவிடும். காரம் இல்லாததால் சோப்புக்கு வழியில்லை. மெத்தனால் ஒரேயடியாக வந்தால் நொதி செயலிழக்கும் என்பதால் சிறுகச் சிறுக ஊற்றுகிறார்கள். வேலை மணிக்கணக்கில் இழுக்கும், நொதியின் விலையும் அதிகம். ஆகவே ஒருமுறை போட்ட நொதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் லாபம்.

பயோடீசலின் அடக்கவிலையில் பெரும்பங்கு எண்ணெய்க்கே போகிறது. 2018 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, பொரிக்கும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக்கூடாது. உணவகங்கள் கழிக்கும் அந்த எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. மலிவாகக் கிடைக்கும் எண்ணெய் அழுக்காகத்தான் வரும். எவ்வளவு அழுக்கை ஒரு தயாரிப்பு முறை சோப்பாக்காமல் தாங்குகிறதோ, அந்த அளவுக்கு லிட்டரின் விலை இறங்கும்.