பழைய கார் வாங்கும் முன் எஃப்.சி. வரலாற்றைப் பாருங்கள்!

விதை வாங்கும்போது மூட்டையில் உள்ள சான்று அட்டையைத் திருப்பிப் பார்க்காத விவசாயி இல்லை. சோதனை செய்த நாள், காலாவதி நாள் இரண்டையும் பார்த்த பிறகுதான் பணம் எடுக்கிறோம். ஆனால், ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது பலரும் பெயின்டையும் டயரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். காருக்கும் ஒரு சான்று அட்டை உண்டு. அதுதான் ஆர்.சி. புத்தகம்.

15 ஆண்டுக் கணக்கு

சொந்த உபயோகத்துக்கான கார், பைக் போன்றவற்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆய்வில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். பிறகு, ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் இதேபோல் காட்ட வேண்டும். இதைத்தான் ஊர்வழக்கில் 'எஃப்.சி. காட்டுவது' என்கிறோம். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்குக் கணக்கு வேறு. முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்.

புதுப்பிக்காமல் விட்ட காரை வாங்கினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2007 ஜூன் மாதம் பதிவான கார். 2022 ஜூனில் 15 ஆண்டு முடிந்துவிட்டது. உரிமையாளர் புதுப்பிக்காமல் ஓட்டி, 2025 ஜூனில் 80,000 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல். 36 மாதத்துக்கு 18,000 ரூபாய். ஆக, 23,000 ரூபாய். பசுமை வரி, ஆய்வுக்கு முன் செய்யவேண்டிய பிரேக், விளக்கு, டிங்கரிங் வேலைகள் எல்லாம் தனி. இத்தனையும் வாங்கியவர் தலையில்தான் விழும். 80,000 ரூபாய் கார் அன்றைக்கே லட்சத்தைத் தாண்டிவிடும்.

விபத்து நடந்தால்...

பணத்தைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். பதிவு காலாவதியான வண்டி, சட்டத்தின் பார்வையில் பதிவில்லாத வண்டி. தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு மறுத்தது சரியே என்று 2014-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வரும் வழியில் ஒரு விபத்து என்றால், நிலத்தை விற்றுக் கட்டும் நிலைகூட வரலாம்.

செல்போனிலேயே பார்க்கலாம்

மத்திய அரசின் 'எம்பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவான நாள், தகுதி எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை என்பதைப் பார்க்கலாம். விற்பவர் சொல்வதும் செயலி காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். நிலுவை அபராதம் இருக்கிறதா என்பதையும் இணையத்தில் இ-சலான் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். செல்போன் பழக்கமில்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

ஆர்.சி.யில் கவனிக்க வேண்டியவை:

• கார் எத்தனையாவது உரிமையாளரிடம் இருக்கிறது? முன்பு டிராவல்ஸில் மஞ்சள் போர்டாக ஓடியதா?

• ஃபைனான்ஸ் கடன் பதிவாகியிருக்கிறதா? கடன் அடைந்திருந்தால் படிவம் 35-ம், ஃபைனான்ஸ் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் கையில் வேண்டும்.

• சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா?

• வெளிமாநில வண்டியா? டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததால், அங்கிருந்து கார்கள் மலிவாக வருகின்றன. இவற்றுக்கு அந்த மாநில என்.ஓ.சி. வேண்டும். இங்கே ஆயுள் வரி கட்டி, மறுபதிவும் செய்ய வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

எஃப்.சி. இருந்தால் மட்டும் போதாது

எஃப்.சி. என்பது ஆய்வு நடந்த அன்றைய நிலைக்குத்தான் சான்று. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு, பிறகு கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, பழைய சர்வீஸ் விவரங்களை உரிமையாளர் மூலமாகவே கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே 90,000 கிலோமீட்டர் என்று பில் இருந்து, மீட்டர் இப்போது 70,000 காட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற சமயங்களில் நீரில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தாலோ, கால்மிதிக்கு அடியில் மக்கிய வாடை வந்தாலோ வேண்டாம். காலையில் இன்ஜின் சூடேறும் முன் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துப் போவது அவருக்குக் கொடுக்கும் கூலியைவிடப் பல மடங்கு மிச்சம்.

பெயர் மாற்றம் உடனே!

பணம் கொடுக்கும் அன்றே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாள்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இது விற்பவர்களுக்கும் பொருந்தும். வண்டியை விற்றிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 'தெரிந்தவர்தானே, மெள்ள மாற்றிக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடாதீர்கள்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டோம். காருக்கும் அதே எச்சரிக்கை போதும். காகிதம் சரியாக இருந்தால் மட்டுமே அட்வான்ஸ்.